நடக்கும் கோழிக்கு ரத்தம் நன்றாக ஓடுமா?

பெங்களூர் கடைகளில் முட்டைக்கு இப்போது இரண்டு விலை. தட்டில் அடுக்கிய சாதா முட்டைக்கு ஒன்று. 'கூண்டில் அடைக்காத கோழி இட்டது' என்று பெட்டியில் அச்சடித்து வருவதற்கு இன்னொன்று. கூடுதல் காசு எதற்கு என்று கேட்டால் கிடைக்கும் காரணங்களில் உடற்பயிற்சியும் ஒன்று. "ஓடியாடித் திரியுற கோழிங்க சார், ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், முட்டையும் சத்தா இருக்கும்." கேட்பவருக்கும் அது நியாயமாகவே படும். காலையில் கப்பன் பூங்காவில் வேகநடை போய்விட்டு வருகிறவர்தானே முட்டையும் வாங்குகிறார்! மருத்துவர் தனக்குச் சொன்னதைக் கோழிக்கும் பொருத்திப் பார்க்கிறார்.

பொருத்தம் அவ்வளவு சரியாக அமையவில்லை. நமக்கு ரத்த ஓட்டம் என்றால் இதயம், மூளை, கால் வீக்கம், அடைப்பு. முட்டையிடும் பெட்டைக்கு ரத்தம் என்பது முதலில் முட்டைக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டி. அந்த வண்டி ஏற்கெனவே முழுப் பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நடை அதை இன்னும் வேகமாக ஓட்டுவதால் கோழிக்குப் பெரிய லாபம் கிடையாது. ரத்தம் எந்த இடங்களிலிருந்து சரக்கை எடுக்கிறதோ, அதாவது எலும்பும் ஈரலும், அங்கேதான் நடையின் பலன் தெரிகிறது. அதிலும் முட்டையிடத் தொடங்கும் முன் நடந்த நடைக்கே மதிப்பு அதிகம். கடந்த எழுபது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்.

கோழியின் இதயத்துக்கும் நம்முடையதைப் போல நான்கு அறைகள். ஆனால் வேகம் வேறு. சும்மா நிற்கும் பெட்டைக்கே நிமிடத்துக்கு 250 முதல் 350 துடிப்பு. ஒன்றரைக் கிலோ லேயர் கோழியின் உடம்பில் மொத்தமாக இருப்பது சுமார் 100 மில்லி ரத்தம், ஒரு சின்ன டம்ளர் காப்பி அளவு. அது ஒரு நிமிடத்துக்குள் உடம்பை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. சிவப்பணுக்கள் நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். நம்முடையவை 120 நாள் வாழ்கின்றன. கோழியுடையவற்றுக்கு ஆயுள் ஒரு மாதம், கொஞ்சம் முன்பின். சேவலுக்கு ஆண் ஹார்மோனின் தயவால் சிவப்பணு அடர்த்தி கூடுதல், ரத்த அழுத்தமும் கூடுதல். பெட்டையின் ரத்தத்தில் அணுக்களின் பங்கு முப்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கும். எனவே ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்றாலும் சேவலில் கண்ட முடிவைப் பெட்டைக்கு அப்படியே எழுதிவிட முடியாது. இது பின்னால் தேவைப்படும்.

முட்டைக்கோழியிடமிருந்து ரத்தம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் மறக்காது. உதவியாளர் கோழியை ஒருக்களித்துப் படுக்கவைத்து இறக்கையை விரித்துப் பிடிப்பார். உள்பக்கம் இரண்டு மூன்று சிற்றிறகுகளைப் பிடுங்கி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், மெல்லிய தோலுக்கடியில் நரம்பு கருநீலமாகத் தெரியும். ஊசி கொஞ்சம் தவறினாலும் அந்த இடம் உடனே உப்பிக் கன்றிப்போகும். எடுத்த ரத்தத்தைக் குழாயில் நிற்கவைத்தால் சிவப்பு அடியில் இறங்கி, மேலே தெளிநீர் பிரியும். முட்டையிடாத விடைக்கோழியின் தெளிநீர் பெயருக்கேற்பத் தெளிவாக இருக்கும். முட்டையிடும் கோழியுடையதோ கலங்கலாக, மஞ்சள் கலந்த பால்போல இருக்கும். மனிதனுக்கு இப்படி வந்தால் மருத்துவர் பதறிவிடுவார். கோழிக்கு இதுவே ஆரோக்கியம். ஈஸ்ட்ரோஜன் சொல்படி ஈரல் செய்து அனுப்பும் மஞ்சள் கருவின் கொழுப்பும் புரதமும்தான் அந்தக் கலங்கல். சினைப்பையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு.

கால்சியத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒரு முட்டையோட்டில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமான கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாக ஆகும் நேரம் ஏறக்குறைய 20 மணி. அதன் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும். முட்டையிடும் பருவத்தில் ரத்தத்தின் கால்சிய அளவு இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. அப்படியும் எந்த ஒரு கணத்திலும் ரத்தத்தில் மிதப்பது இருபது மில்லிகிராம் அளவுதான். ஓடு மும்முரமாகக் கட்டப்படும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தத்தின் மொத்தக் கால்சியமும் காலியாகி மறுபடி நிரம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுச் சுரப்பிக்குப் போகும் ரத்தம் மடங்குக்கணக்கில் கூடுகிறது. இரவில் கோழி தீவனம் தின்பதில்லை. குடலிலிருந்து வருவது குறையும்போது, கால் எலும்பின் உட்குழியில் பெட்டைக்கு மட்டும் பருவத்தில் உருவாகும் மெடுல்லரி எலும்பு கரைந்து ஈடுகட்டும். மாலையில் கிளிஞ்சலோ பெருநொய்ச் சுண்ணாம்புக்கல்லோ வைக்கச் சொல்வது அதற்காகவே: அது இரைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கரையும், எலும்பைத் தொடவேண்டிய தேவை குறையும்.

முட்டையை உடைக்கும்போது சில சமயம் மஞ்சள் கருவில் தென்படும் சிவப்புப் புள்ளியும் இந்த ரத்த ஓட்டத்தின் கதைதான். அது குஞ்சு பிடிக்கத் தொடங்கிய அடையாளம் என்று பலரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முற்றிய சினைக் கருவைச் சுற்றி ரத்தக் குழாய்கள் வலையாகப் படர்ந்திருக்கும். ஒரு கோட்டில் மட்டும் குழாயே இருக்காது. பை அந்தக் கோட்டில் பிளந்தால் கரு சுத்தமாக வெளிவரும். கோடு தவறிப் பிளந்தால் ஒரு துளி ரத்தம் ஒட்டிக்கொள்ளும். சேவலே பார்க்காத கூண்டுக்கோழியின் முட்டையிலும் அது வரும்.

சரி, இப்படிப் பாரம் சுமக்கும் உடம்பு நடந்தால், ஓடினால் என்ன ஆகிறது?

கோழியை ஓடுதளத்தில் ஏற்றிப் பார்த்தவர்கள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிராக்கன்பரியும் கூட்டாளிகளும் பழக்கிய கோழிகளை இயந்திரப் பட்டையில் ஓடவிட்டு மூச்சையும் ஆக்சிஜன் செலவையும் அளந்தார்கள். பறவைகளில் பொதுவாகக் காணப்படுவது இது: வேலை கூடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு பெரிதாக மாறுவதில்லை, துடிப்பு எண்ணிக்கையே ஏறுகிறது. கூடவே தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்கின்றன. எந்தத் தசைக்கு எவ்வளவு ரத்தம் என்ற கேள்விக்கு நல்ல விடை தந்தது கோழி அல்ல, அதன் உறவான கினிக்கோழி. அமெரிக்காவில் ரிச்சர்ட் மார்ஷின் குழு கினிக்கோழியின் ரத்தத்தில் நுண்மணிகளைச் செலுத்தி, ஓடவிட்டு, அவை எந்தத் தசையில் எத்தனை தங்கின என்று எண்ணியது. 2004, 2005இல் வந்த முடிவுகள் ஒரு பழைய நம்பிக்கையைக் கலைத்தன. காலை முன்னே வீசுவது கிட்டத்தட்ட இலவசம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த வீச்சுக்கே கால் தசைகளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு போகிறது என்று தெரிந்தது.

கோழிக்கு நடைப் பறவையின் உடம்பு. பிரியாணித் தட்டிலேயே இது தெரியும்: தொடைக்கறி கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. தொடையில் ரத்தக் குழாயும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும் நிறைய. நாள் முழுக்கக் கிளறி நடக்கும் தசை அது. நெஞ்சுத் தசை வேலிமேல் பாய்வதற்கு மட்டும், சில நொடி வேலை. உடல் எடையில் கோழியின் இதயம் அரை சதவீதத்துக்கும் குறைவு. தொலைதூரம் பறக்கும் புறாவுக்கு ஒரு சதவீதத்துக்குக் குறையாது. ஆகவே கோழிக்கு உடற்பயிற்சி என்றால் நடப்பதும் கிளறுவதும் மேடேறி இறங்குவதும் இறக்கை அடிப்பதும்தான். மாரத்தான் இல்லை.

காலிலிருந்து திரும்பும் ரத்தத்துக்குப் பறவைகளில் ஒரு வினோத வழி இருக்கிறது. நமக்குக் காலின் அசுத்த ரத்தம் நேராக இதயத்துக்குப் போகும். கோழிக்கு அது சிறுநீரகத்தின் வழியாகவும் போகலாம், சிறுநீரகத்தைத் தவிர்த்து நேராகவும் போகலாம். நடுவில் ஒரு வால்வு தீர்மானிக்கிறது. அட்ரினலின் ஊறினால் அந்த வால்வு திறந்து நேர்வழி கிடைக்கும். ஓடும் கோழியின் உடம்புக்கு அது வசதி. கால்நடை மருத்துவர்கள் கோழிக்குத் தொடையில் ஊசி போடத் தயங்கி நெஞ்சுத் தசையைத் தேடுவதற்கும் இந்த அமைப்பே காரணம். மருந்து உடம்பெல்லாம் பரவும் முன்பே சிறுநீரகத்தில் நுழைந்துவிடலாம்.

நுரையீரல்தான் இந்தக் கதையில் கறாரான உறுப்பு. கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. விலா எலும்புகளோடு ஒட்டி விறைப்பாக இருக்கிறது. காற்றுப் பைகள் துருத்தி வேலையைச் செய்கின்றன. ஜான் வெஸ்ட் போன்ற நுரையீரல் அறிஞர்கள் கோழியிடம் செய்த சோதனைகளில், அதன் நுண்குழாய்களும் விறைப்பான குழாய் போலவே நடந்துகொள்வது தெரிந்தது. ரத்தம் கூடுதலாக வந்தால் மனிதக் குழாய்கள் விரிந்து இடம் கொடுக்கும். கோழியில் அழுத்தம் ஏறும். கறிக்கோழிகள் வயிற்றில் நீர் கோத்துச் சாவதற்கான மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது என்று அர்கன்சாஸில் ராபர்ட் வைட்மன் விரிவாக எழுதியிருக்கிறார். வேகமாக வளர்ந்த உடம்பு கேட்கும் ரத்தத்தை அந்தச் சிறிய நுரையீரலால் கடத்த முடிவதில்லை. முதலில் இது மலைநாடுகளில் பெரிதாகக் கவனிக்கப்பட்ட நோய். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்குச் சற்று அதிகம். ஆண்டிஸ் மலைக்கோழி படும் பாடு இங்கே இல்லை. லேயர் கோழி ஒல்லி உடம்புக்காரி என்பதால் அவளுக்கு இந்த ஆபத்து இன்னும் குறைவு.

மனிதர்களின் மாரடைப்பைப் புரிந்துகொள்ளக் கோழியை ஓடவிட்ட காலமும் ஒன்று இருந்தது. 1950களில் சிகாகோவில் லூயிஸ் காட்ஸும் ஜெரமையா ஸ்டாம்லரும் சேவல் குஞ்சுகளுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி ரத்தக் குழாய் அடைப்பை உண்டாக்கினார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்த குஞ்சுகளின் இதயக் குழாய்கள் தப்பித்தன. அதே பத்தாண்டில் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கொலஸ்ட்ரால் தின்ற சேவல்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கியது. 'நடக்கும் கோழிக்கு ரத்தம் சுத்தம்' என்பதற்கு அறிவியலில் ஆதாரம் தேடினால் கைக்கு வருவது இந்தச் சேவல்கள்தான். முட்டையிடும் பெட்டைக்கு இதை நீட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவள் ரத்தத்தில் கொழுப்பு மிதப்பது நோயால் அல்ல. ஒவ்வொரு முட்டையோடும் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ராலை அவள் வெளியே தள்ளிவிடுகிறாள். அந்தக் கதவு அடைபட்டால் என்ன ஆகும் என்பதையும் இயற்கையே காட்டியிருக்கிறது. மரபுக் கோளாறால் சினைக்குள் கொழுப்பைச் சேர்க்க முடியாத ஒரு கோழி வம்சம் ஆய்வகங்களில் உண்டு. அந்தப் பெட்டைகள் முட்டையிடாது. ரத்தத்தில் கொழுப்பு பெருகி இளம் வயதிலேயே குழாய் அடைப்பு வருகிறது. முட்டையிடும் கோழியின் குழாய்களைக் காப்பது முட்டை. நடை அங்கே துணைப் பாத்திரம்கூட இல்லை.

கூண்டுக்குள் நடையில்லாமல் நிற்பதன் விலை வேறு இடத்தில் விழுகிறது. 1955இல் டெக்சாசில் கவுச் என்பவர், கூண்டில் வைத்த நல்ல முட்டைக்கோழிகள் திடீரென்று காலூன்ற முடியாமல் சரிவதைப் பற்றி எழுதினார். கூண்டுச் சோர்வு என்று பெயர் வந்தது. எலும்பு கரைந்து கரைந்து முட்டையோடாகப் போய்விட்டிருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஓடும் காலம் முழுக்கப் பெட்டையின் உடம்பு மெடுல்லரி எலும்பைத்தான் கட்டும். பாரம் தாங்கும் வெளி எலும்பு குறைந்துகொண்டே போகும். எடின்பரோ அருகே ராஸ்லின் ஆய்வகத்தில் காலின் வைட்ஹெட்டும் சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நடக்காத எலும்புக்குப் பாரம் கிடைக்காது. பாரம் இல்லாத எலும்பு இன்னும் சீக்கிரம் கரையும். 1990இல் நோல்ஸும் புரூமும் காட்டியபடி, பரணேறி இறக்கை அடிக்க இடமிருந்த கோழிகளின் இறக்கை எலும்பு கூண்டுக் கோழிகளுடையதைவிடப் பலமாக இருந்தது. 1998இல் கனடாவின் குவெல்ஃபில், முட்டைக்காலம் முடியும் தறுவாயிலிருந்த கூண்டுக் கோழிகளைத் திறந்த அடுக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். இருபது நாளில் கால் எலும்பின் உறுதி கூடியிருந்தது. எலும்பு அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஈரலின் கதை இன்னும் நேரடியாக ரத்தத்தைத் தொடுகிறது. கோடையில் கூண்டுப் பண்ணைகளில் நல்ல எடையோடு, நேற்றுவரை முட்டையிட்ட கோழி காலையில் செத்துக் கிடக்கும். கொண்டை வெளிறியிருக்கும். வயிற்றைத் திறந்தால் கொழுப்பு தடித்திருக்கும்; ஈரல் செங்கருமையை விட்டு மஞ்சளாக, விரலில் எண்ணெய் ஒட்ட, தொட்டால் பொடிந்துபோகும்; அதன்மேல் ஒரு பெரிய ரத்தக் கட்டி. கொழுப்பு ஈரல் ரத்தக்கசிவு நோய். தின்ற ஆற்றல் செலவாகாமல் ஈரலில் சேர்கிறது, முட்டைக்கான கொழுப்பையும் அதே ஈரல்தான் செய்துகொண்டிருக்கிறது, ஒரு நாள் திசு கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது. கூண்டுக் கோழிகளில் இது அதிகம். நடமாட்டமின்மை, சூடு, ஆற்றல் மிகுந்த தீவனம் மூன்றும் சேர்ந்து கூட்டுச் சதி செய்கின்றன. நடை ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்ற வாக்கியம் முட்டைக்கோழி விஷயத்தில் எங்காவது அப்பட்டமாக உண்மையாகிறது என்றால் இந்த மஞ்சள் ஈரலில்தான்.

1960களில் கலிபோர்னியாவின் டேவிசில் ஆர்தர் ஸ்மித்தும் குழுவினரும் கோழிகளை மாதக்கணக்கில் சுழலும் ராட்டினத்தில் வாழவிட்டார்கள். விண்வெளி ஆராய்ச்சிக் காலம். கூடுதல் ஈர்ப்பில் உடம்பு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசை. எடை கூடிய அந்த உலகத்தில் கோழிகளின் உடற்கொழுப்பு குறைந்தது, நிற்க உதவும் கால் தசைகள் பருத்தன. நிற்பதே பயிற்சியாகிவிட்ட உடம்பு. விநோதமான சோதனைதான், ஆனால் பாரம் கொழுப்பையும் தசையையும் எப்படி மாற்றும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை.

நடையைக் கோழியின் வாழ்வில் எப்போது வைப்பது? 2017இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் டினா விடோவ்ஸ்கியின் குழு, குஞ்சுப் பருவத்திலிருந்து அடுக்குக் கொட்டகையில் ஏறி இறங்கி வளர்ந்த விடைக்கோழிகளைக் கூண்டில் வளர்ந்தவற்றோடு ஒப்பிட்டது. ஏறி வளர்ந்தவற்றுக்கு இறக்கை, நெஞ்சுத் தசைகள் கனம் அதிகம், எலும்பும் பெரிது. காரணம் எளிது. பதினாறு, பதினெட்டு வாரத்துக்குள் உடம்பு பாரம் தாங்கும் எலும்பைக் கட்டுகிறது. முதல் முட்டைக்கான ஹார்மோன் வந்ததும் அந்தக் கட்டுமானம் நின்றுபோய், கையிருப்பு செலவு தொடங்கிவிடும். நம் பண்ணைகளில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: வளர்பருவத்தில் நெருக்கடி, பிறகு 'நலமான கோழி' என்று விற்க ஆசைப்படும்போது திறந்தவெளி. என் கணக்கில் அது காலம் தப்பிய செலவு.

மரபும் சும்மா இருக்கவில்லை. ராஸ்லினில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முட்டைக்கோழியின் எலும்பு உறுதியில் கணிசமான பங்கு பரம்பரையாக வருவது என்று கண்டார்கள். தேர்ந்தெடுத்து வளர்த்தால் உறுதி கூடுகிறது. ஆகவே வெறும் இடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். திறந்த கொட்டகைக்கு அதற்கேயான கேடும் உண்டு. 2011இல் பிரிஸ்டல் குழு பல முறைகளில் வளர்ந்த கோழிகளின் நெஞ்செலும்பைச் சோதித்தது. வசதி செய்த கூண்டுகளில் 36 சதவீதக் கோழிகளுக்கு முறிவு. உயரப் பரண்கள் உள்ள அமைப்புகளில் 80 சதவீதத்துக்கும் மேல். பறந்து இறங்கும்போது குறிதவறி மோதுகின்றன. கூண்டுக்காரர்களும் திறந்தவெளிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

துடிப்பு ஏறுவதெல்லாம் பயிற்சி என்றும் எண்ணிவிடக் கூடாது. எடின்பரோவில் இயன் டங்கனும் ஃபில்ஷியும் 1970களின் முடிவில் கோழிகளுக்கு ரேடியோ கருவி பொருத்தி இதயத் துடிப்பைக் கேட்டார்கள். மனிதர் நெருங்கியதும் ஒரு வம்சம் படபடவென்று ஓடி ஒதுங்கியது. இன்னொன்று சாதுவாக நின்றது. துடிப்பு இரண்டுக்கும் ஏறியது. ஓடியவற்றின் துடிப்பு சீக்கிரம் இறங்கிவிட்டது, சாதுவாக நின்றவற்றுக்கோ இறங்க நேரம் பிடித்தது. வெளியே அமைதி, உள்ளே திகில். கொட்டகைக்குள் ஆள் நுழைந்து கோழிகளை விரட்டி 'நடக்கவைப்பது' ரத்த ஓட்டத்துக்கு உதவும் என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள். கூளத்தின்மேல் ஒரு கைப்பிடி கேழ்வரகை வீசினால் போதும். கோழி தானாக நாற்பது தடவை குனிந்து கிளறும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்ரேலில் வுல்ஃபன்சன் குழு 1981இல் முட்டைக்கோழிகளுக்கு வெப்பத்தில் ரத்தம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று அளந்தது. கொண்டை, தாடி, கால், மூச்சுப்பாதை ஆகியவற்றுக்குப் போவது கூடியது. வயிற்று உறுப்புகளுக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் போவது குறைந்தது. உஷ்ணத்தை வெளியே தள்ளும் அவசரத்தில் முட்டைக்கான ரத்தம் திருப்பிவிடப்படுகிறது. கூடவே கோழி வாய்திறந்து மூச்சிரைத்தால் ரத்தத்தின் கரியமில வாயு குறைந்து, கால்சியம் ஓட்டுக்குக் கிடைப்பதும் தடைப்படும். கோடை முட்டை மெல்லோடாக வருவது இதனால். இந்த நேரத்தில் ஓட்டமும் சேர்ந்தால் தசையும் தன் பங்கைக் கேட்கும். பெங்களூரின் ஏப்ரல் பகல் 34 பாகையைத் தொட்டால் நாம் அலுத்துக்கொள்கிறோம். நாமக்கல் பண்ணைகளுக்கு அது நல்ல நாள். காலை முட்டையிட்டு முடிந்தபின்னும் மாலை வெயில் தாழ்ந்தபின்னும் திறந்துவிடுவது, உச்சிப்பொழுதில் நிழலும் புழுதிக் குளியலும் கொடுப்பது, இவை இங்கே இயற்கையாகவே கூடிவரும். காட்டுக்கோழியின் நாளும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டின் மேரியன் டாக்கின்ஸ் கவனித்தபோது அவை விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கொத்துவதிலும் மூன்றில் ஒரு பங்கு கிளறுவதிலும் கழித்தன.

முட்டைச் சத்து விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மஞ்சள் கருவின் நிறமும் அதன் கொழுப்பின் தன்மையும் கோழி தின்றதைப் பொறுத்தவை. புல்லும் கீரையும் தின்றால் கரு ஆரஞ்சாகும். நடந்ததால் ஆகாது.

இந்தியச் சட்டம் இப்போது நடையின் பக்கம் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பைப் பற்றி எழுதியது. 2023இல் வந்த விதிகள் கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் என்கின்றன. ஒரு ஏ4 தாள் 624. ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கூண்டை 2012 ஜனவரி முதல் தடைசெய்து, வசதி செய்த கூண்டிலும் 750 கேட்கிறது. 550இல் கோழி திரும்பி நிற்கலாம், நடக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளின்படி, அதே பண்ணையாளர் வளர்பருவத்துக்கு மட்டும் ஆழ்கூளமும் தாழ்வான பரணும் கொடுத்தால், 550ஐ 600 ஆக்குவதைவிட எலும்புக்கு அதிகம் செய்தவராவார். சட்டம் அந்தப் பருவத்தின் எலும்பை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெங்களூரைச் சுற்றி இரண்டு வகைக் கோழி உலகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வருடத்துக்கு 300க்கு மேல் முட்டையிடும் பிவி-300 போன்ற கூண்டு லேயர் ஒரு பக்கம். ஹெப்பாளில் உருவான கிரிராஜா, பிறகு 2005இல் வந்த ஸ்வர்ணதாரா என்ற புழக்கடைக் கோழிகள் மறுபக்கம். கிரிராஜா பெட்டை வருடத்துக்கு 130 முதல் 150 முட்டை இடும். ரத்தம் சுமக்க வேண்டிய கால்சியம் பாதி; எலும்புக்கு ஓய்வும் மீட்சியும் கிடைக்கும் நாட்கள் அதிகம். புழக்கடைக் கோழி திடமாக இருப்பதில் நடைக்கு எவ்வளவு பங்கு, முட்டை குறைவதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் புகழையும் நடைக்கே கொடுத்துவிடுகிறோம்.

திறந்துவிடுவதற்கு நோய்க் கணக்கும் உண்டு. 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவிலுள்ள மத்திய கோழி வளர்ப்பு நிறுவனத்திலேயே வான்கோழிகளில் பறவைக் காய்ச்சல் உறுதியாகி, வளாகத்துப் பறவைகளைக் கொன்று புதைக்க வேண்டிவந்தது. காட்டுப் பறவை வந்திறங்கும் வெளியில் கோழியை நடக்கவிடுவது எந்தப் பண்ணைக்கும் லேசான முடிவு அல்ல. கூரையும் வலையும் போட்ட முற்றம், உள்ளே கூளம், தாழ்ந்த பரண் என்ற நடுவழியே இந்த ஊருக்குத் தோதானது.

பிரித்துப் பார்க்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஹெசரகட்டாவில் கோழிகள், ஆடுகோடியில் 1995 முதல் கால்நடை ஊட்டச்சத்துக்கும் உடலியங்கியலுக்குமான தேசிய நிறுவனம். ஒரே தொகுதிக் குஞ்சுகளில் பாதியைக் கூண்டிலும் பாதியைப் பரண் வைத்த கூளத்திலும் பதினாறு வாரம் வளர்த்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும். கிரிராஜா ஒரு தொகுதி, கூண்டு லேயர் ஒரு தொகுதி. எழுபதாவது வாரத்தில் இறக்கை நரம்பிலிருந்து ரத்தம், ஓடு கட்டும் மாலை நேரத்தில் கால்சியம், இறந்த கோழிகளின் ஈரல் நிறம், கால் எலும்பின் முறிவுத் தாங்கல். செலவு பெரிதல்ல, சுமார் பதினாறு மாதம் பொறுமை வேண்டும். அதுவரை, அட்டைப்பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கிறவர் அந்தக் கோழி பதினாறு வாரம்வரை எங்கே வளர்ந்தது என்று பண்ணையாளரிடம் கேட்கலாம்.